ஒரே வைரஸ், இரண்டு பாதிப்புகள்: ரத்தசோகைக்குப் பின்னால் இருந்த இதயத் தசை அழற்சி

பெரியவர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து தணிந்த சில நாட்களில் கடுமையான களைப்பும் மூச்சிரைப்பும் தோன்றி, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகக் கீழே இறங்கியிருப்பதும் தெரிந்துவிட்டால், மூச்சிரைப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நோயாளியும் குடும்பத்தாரும் சில வேளைகளில் மருத்துவரும்கூட அத்துடன் நின்றுவிடுகிறார்கள். எனக்கும் இதுதான் நடந்தது. எனக்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யானதல்ல. ரத்தசோகை உண்மையாகவே இருந்தது. ஆனால் அதை உண்டாக்கிய வைரஸ் அதே நாட்களில் என் இதயத் தசையையும் தாக்கியிருந்தது. இது தெரியாமல் வழக்கமான வேகத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், அந்தச் சிகிச்சையே என் நுரையீரலில் நீரை நிறைத்திருக்கக்கூடும். முதல் காரணம் கிடைத்த பிறகும் தேடலை நிறுத்தாத ஒரு மருத்துவரால் நான் பிழைத்தேன். அந்தத் தேடல் எந்தக் கேள்விகளாலும் எந்தப் பரிசோதனைகளாலும் நடந்தது என்பது இன்னொருவருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. அந்தப் பருவத்தில் என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சல் வந்து போனது. சிலருக்கு அறை வாங்கியதுபோல் இரு கன்னங்களும் சிவந்திருந்தன. நிறம் ஆழ்ந்த தோலில் இந்தச் சிவப்பு எளிதில் புலப்படாது என்பதால் எத்தனை பிள்ளைகளுக்கு இருந்தது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. பார்வோ வைரஸ் பி19 என்ற கிருமியால் வரும் இந்த நோய் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்யாமல் தானே போய்விடும். இருமல், தும்மல் வழியாகப் பரவும் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சிறுவயதிலேயே இதைச் சந்தித்து, வாழ்நாள் முழுதும் நீடிக்கும் எதிர்ப்பாற்றலைப் பெற்றிருப்பார்கள். நான் அவர்களில் ஒருத்தியாக இருக்கவில்லை.

எனக்கு வந்த காய்ச்சல் சாதாரணமானது. உடல்வலியும் தலைவலியும் இருந்தன; சில நாட்களில் தணிந்தன. அதன் பிறகுதான் விவரிக்கக் கடினமான ஒரு களைப்பு தொடங்கியது. படிக்கட்டில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலவில்லை. காதுக்குள் இதயத் துடிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் ஒரு மாற்றத்தை வீட்டில் எல்லோரும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்கள். சிறுவயதிலிருந்தே என் கண்களின் வெண்பகுதியில் மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும். அந்த வாரத்தில் அது மறைந்து கண்கள் வெண்மையாகிவிட்டன. பின்னாளில் இந்த விவரத்தைக் கேட்ட ரத்தவியல் மருத்துவர், நோயறிதலுக்கு உதவிய குறிப்புகளில் இதையும் ஒன்றாக எழுதிவைத்தார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பார்த்த மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 6.8 கிராம் என்று வந்தது. பெண்களுக்குப் பொதுவாக 12 கிராமுக்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவுதான் உலகில் ரத்தசோகைக்கு மிகப் பரவலான காரணம் என்பதால் இரும்பு மாத்திரைகள் எழுதித் தரப்பட்டன. இரண்டு நாட்களில் நிலை மேலும் மோசமாகவே, பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். அங்கே ஹீமோகுளோபின் 5.4 ஆக இறங்கியிருந்தது. ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் இவ்வளவு விரைவாக இறங்குகிறது என்றால், சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது உற்பத்தி நின்றிருக்க வேண்டும் என்று பணியிலிருந்த மருத்துவர் விளக்கினார். இவற்றைப் பிரித்துக் காட்டுவது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை என்ற எளிய பரிசோதனை. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் சிவப்பணுக்களே ரெட்டிகுலோசைட்டுகள். ஆரோக்கியமான ஒருவரின் சிவப்பணுக்களில் அவை ஏறத்தாழ 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். சிவப்பணுக்கள் அழியும்போது மஜ்ஜை ஈடுசெய்ய முயல்வதால் அந்த எண்ணிக்கை ஏறும். எனக்கு 0.1 சதவீதம் என்று வந்தது. மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியைக் கிட்டத்தட்ட முழுமையாக நிறுத்தியிருந்தது. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் பெரிதாகக் குறையவில்லை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருப்பதற்கு மாறாக மிகுதியாகவே இருந்தது. பயன்படுத்துவதற்குச் சிவப்பணு உற்பத்தி நடக்காதபோது இரும்பு தேங்கத்தானே செய்யும்.

ரத்தசோகை என்று தெரிந்தவுடன் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுவது மிக அவசியம் என்பது என் உறுதியான கருத்து. செலவு குறைந்த, எந்த நடுத்தர ஆய்வகத்திலும் செய்யக்கூடிய பரிசோதனை அது. ஆனால் வழக்கமான முழு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் அது சேர்ந்து வருவதில்லை. தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

ரத்தம் ஏற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அப்போது அந்த மருத்துவர் என் அருகில் வந்து, "நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று சொன்னீர்கள். படுக்கும்போது எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார். தலையணைகளை உயர்த்திவைத்துத்தான் தூங்குகிறேன் என்றும், நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால்தான் ஆறுதலாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என் கழுத்து நரம்பைப் பார்த்தார். கணுக்காலில் விரலை அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்டார். பிறகு ரத்தம் ஏற்றுவதைச் சற்றுத் தள்ளிவைத்து, ஈ.சி.ஜி., இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின், இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி. ப்ரோ பி.என்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளுடன், இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் எக்கோவையும் உடனடியாக எடுக்கச் சொன்னார். ரத்தசோகை மட்டும் இருப்பவருக்குப் பெரும்பாலும் உழைக்கும்போதுதான் மூச்சு வாங்கும். படுத்தவுடன் மூச்சு முட்டுவது, இதயம் தன்னிடம் வரும் ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளம். ஆகவே மூச்சிரைப்புடன் மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், அது எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் தணிகிறது என்பதைக் கேட்கப்படாவிட்டாலும் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

எக்கோவில் என் இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 28 சதவீதத்தை மட்டுமே வெளியேற்றுகிறது என்று தெரிந்தது. வழக்கமாக இது 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இந்த எண் ஏன் முக்கியமானது என்பதைப் பிறகு பொறுமையாக விளக்கினார்கள். கடுமையான ரத்தசோகை தனியாகவே இதயச் செயலிழப்பை உண்டாக்க வல்லது. ஆனால் அந்த வகையில் இதயம் பலவீனமாக இருப்பதில்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்கின்றன, இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது, சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன. கடைசியில் அந்த மிகையான சுமையே வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் தருகிறது. அவர்களுடைய எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்கி விரிவதைக் காணலாம். ரத்தசோகை சரியானால் இதயமும் பெரும்பாலும் சரியாகிவிடும். என் இதயமோ சுருங்கவே திணறியது. ட்ரோபோனின் உயர்ந்திருந்ததால் தசைச் செல்கள் சேதமடைந்துகொண்டிருந்ததும் உறுதியானது. இதயத்துக்கு ரத்தம் தரும் தமனிகளில் அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, இதயத் தசை அழற்சி என்ற முடிவுக்கு வந்தார்கள். நிலை சீரான பின் எடுத்த எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்தது: தசையில் நீர்கோத்திருந்தது, இடப்புறச் சுவரின் வெளி அடுக்கில் தழும்புபோன்ற படிவு தெரிந்தது. மாரடைப்பால் வரும் சேதம் தசையின் உள் அடுக்கிலிருந்து தொடங்கும். வெளி அடுக்கில் தொடங்குவது அழற்சிக்கு உரிய பாங்கு.

இதயத் தசை அழற்சியை உண்டாக்கும் வைரஸ்கள் பல. காக்ஸாக்கி பி வைரஸ், அடினோ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 6, கொரோனா, ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி ஆகியவை அவற்றில் சில. இவற்றில் ரத்தசோகையையும் சேர்த்துத் தரக்கூடியவை குறைவு. ஹெச்.ஐ.வி. இரண்டையும் செய்யும், எப்ஸ்டீன் பார் வைரஸ் உடலின் சொந்த எதிர்ப்பணுக்களையே (ஆன்டிபாடிகளையே) சிவப்பணுக்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டு, அரிதாக இதயத்தையும் தொடும். ஆனால் ரெட்டிகுலோசைட்டுகள் மறைந்துபோவது பார்வோ வைரஸ் பி19-ஐ நேராகச் சுட்டியது. சிறு பிள்ளைகளோடு பழகுகிற என் வேலையும், மருத்துவமனையில் சேர்ந்த பின் கை விரல்களிலும் மணிக்கட்டுகளிலும் ஒரே சீராகத் தோன்றிய மூட்டுவலியும் அதற்கு வலுச் சேர்த்தன. வயதுவந்த பெண்களுக்கு இந்த வைரஸ் மூட்டுவலியாகவே அதிகம் வெளிப்படுகிறது. புதிய தொற்றில் முதலில் உருவாகும் ஐ.ஜி.எம். எதிர்ப்பணுவுக்கான பரிசோதனையும், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும் தொற்று அண்மையில் ஏற்பட்டதுதான் என்று காட்டின.

இந்த வைரஸின் கதை எனக்கு வியப்பாக இருந்தது. 1975-ல் லண்டனில் இவோன் கோசார்ட் என்ற ஆய்வாளரின் குழு, ஹெபடைடிஸ் பி கிருமிக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தற்செயலாக இதைக் கண்டது. பி என்ற தொகுப்பின் 19-வது மாதிரியில் இருந்ததால் பி19 என்ற பெயர். எந்த நோயும் இல்லாதவரின் ரத்தத்தில் கிடைத்ததால் சில ஆண்டுகள் இது எதற்கும் காரணமில்லாத வைரஸாகவே கருதப்பட்டது. 1981-ல்தான் அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து விரைவில் அழியும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளுக்குத் திடீரென ரத்த உற்பத்தி நின்றுபோவதற்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. 1993-ல் இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாயில், சிவப்பணுக்களின் முன்னோடிச் செல்களின் மேற்பரப்பில் நிறைந்திருக்கும் பி ஆன்டிஜென் என்ற மூலக்கூறு என்று கண்டறியப்பட்டது. மஜ்ஜையிலுள்ள மற்ற செல்களை விட்டுவிட்டுச் சிவப்பணுக்களின் முன்னோடிகளையே இது குறிவைப்பது ஏன் என்பதற்கு அதில் விளக்கம் இருக்கிறது. இதயத்திலும் இது தசைச் செல்களுக்குள் நேராகப் புகுவதில்லை; தசைக்கு உணவூட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் தங்கி, குழாய்களைப் பாதித்து அழற்சியைத் தூண்டுகிறது. இதற்கு மாறாக காக்ஸாக்கி பி வைரஸ் தசைச் செல்லுக்குள்ளேயே புகுந்து, அதன் கட்டமைப்பைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் புரதத்தை வெட்டுகிறது.

அப்படியானால் பிள்ளைகளுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் ஒன்றும் ஆகாதபோது எனக்கு மட்டும் ஹீமோகுளோபின் ஏன் இப்படிச் சரிந்தது? நோயின் முழு விளக்கமும் இந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. பி19 தாக்கும் எல்லோருக்கும் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை சிவப்பணு உற்பத்தி நிற்கிறது. ஆரோக்கியமான சிவப்பணு 120 நாட்கள் வாழும் என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் குறையும். பத்து நாள் உற்பத்தி நின்றாலும் ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவு இறங்கும், யாரும் கவனிக்கப்போவதில்லை. சிவப்பணு 20 நாட்களே வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சதவீதம் குறைகிறது. பத்து நாளில் பாதி போய்விடும். மாதச் சம்பளம் நின்றுபோனால், சிக்கனமாகச் செலவழிக்கும் குடும்பம் சமாளித்துவிடுவதும், வருவதெல்லாம் அன்றன்றே தீர்ந்துபோகும் குடும்பம் தடுமாறுவதும் போன்றது இது. நான் இரண்டாவது வகை என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

பரம்பரையாக வரும் ஸ்பீரோசைட்டோசிஸ் என்ற நிலை எனக்கு இருந்தது. சிவப்பணுவின் சவ்வில் உள்ள புரதக் குறையால் அது நடுவில் குழிந்த தட்டு வடிவத்தை இழந்து உருண்டையாகிறது. வளைந்து கொடுக்க முடியாததால் மண்ணீரலில் சிக்கி விரைவில் அழிகிறது. அழியும் சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள்தான் என் கண்களின் மஞ்சள் சாயலுக்குக் காரணம். உற்பத்தி நின்றபோது அழிவதற்கான செல்களே குறைந்துவிட்டன, பிலிரூபினும் குறைந்தது, கண்கள் வெளுத்தன. இளம் வயதிலேயே பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்தக் கற்களும் இதன் விளைவே. வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேடி எடுத்தபோது, எம்.சி.ஹெச்.சி. என்ற எண் ஒவ்வொன்றிலும் இயல்பைவிட உயர்ந்து தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. சிவப்பணுக்கள் உருண்டையாகி அடர்ந்திருப்பதன் குறி அது. பழைய தாள்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருப்பது எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. சிறுவயது மஞ்சள் சாயல், இளம் வயதுப் பித்தக்கல், குடும்பத்தில் யாருக்காவது மண்ணீரல் அகற்றப்பட்ட வரலாறு ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவை ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருக்கலாம்.

சிகிச்சையில் ஒன்றைச் சரிசெய்யும் முயற்சி மற்றொன்றைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிகக் கடினமாக இருந்தது. ரத்தம் ஏற்றாமல் இருக்க முடியாது. 28 சதவீதத்தில் துடிக்கும் இதயத்துக்குள் ஒரே மூச்சில் திரவத்தைச் செலுத்தவும் முடியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பணுப் பையை 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்பது விதி என்பதால், ரத்த வங்கியில் ஒரு பையை இரண்டு சிறிய பைகளாகப் பிரித்துத் தரச் செய்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஏற்றினார்கள். இடையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். செவிலியர் ஒருவர் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொண்டே இருந்தார். ஹீமோகுளோபினை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது நோக்கமல்ல, இதயத்துக்குத் தாங்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு மஜ்ஜை விழிக்கும்வரை காத்திருப்பதே நோக்கம் என்றார்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள எவருக்கும் ரத்தம் ஏற்றும்போது உறவினர்கள் அருகிலிருந்து, மூச்சுவிடுவதில் சிறு மாற்றம் தெரிந்தாலும் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பணுக்களை நரம்பு வழியாகச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் சிகிச்சையைப் பற்றியும் என் குடும்பத்தார் கேட்டார்கள். உறுப்பு மாற்றத்துக்காக மருந்து உண்பவர்கள், ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் போன்று எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் உடலால் பி19-ஐ வெளியேற்ற முடியாமல் ரத்தசோகை மாதக்கணக்கில் நீடிக்கலாம். அவர்களுக்கு அந்தச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. என் உடல் ஏற்கெனவே எதிர்ப்பணுக்களை உருவாக்கத் தொடங்கியிருந்ததாலும், அந்த மருந்தும் இதயத்துக்குக் கூடுதல் திரவச் சுமையாகும் என்பதாலும் எனக்குத் தரவில்லை. காத்திருந்தது வீண்போகவில்லை. ரெட்டிகுலோசைட்டுகள் மெல்லத் தலைகாட்டி, பிறகு மிக வேகமாகப் பெருகின. கண்களில் பழைய மஞ்சள் சாயல் திரும்பியபோது வார்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

தனி அறையில் வைக்கப்பட்டதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். பி19 தொற்றில் கன்னச் சிவப்போ மூட்டுவலியோ தோன்றும் நேரத்தில் சாதாரணமாக ஒருவர் பிறருக்குப் பரப்பும் கட்டத்தைக் கடந்திருப்பார், ஏனெனில் அவை எதிர்ப்பணுக்கள் உருவான பின் வருபவை. ரத்த உற்பத்தி நின்ற நிலையில் வருபவர்களோ ரத்தத்தில் ஏராளமான வைரஸுடன் இருப்பார்கள். அவர்களிடமிருந்து எளிதில் பரவும். கர்ப்பிணியாக இருந்த செவிலியர் ஒருவரை என் அறைக்கு அனுப்பவில்லை. கர்ப்ப காலத்தின் முதல் பாதியில் தாய்க்கு இந்தத் தொற்று வந்தால், சிலரில் அது கருவின் சிவப்பணு உற்பத்தியை நிறுத்தி, இதயத் தசையையும் தாக்கி, உடல் முழுதும் நீர்கோத்துக் கருவின் உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு நடந்த அதே இரட்டைப் பாதிப்பு, இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கு நடக்கிறது என்று நினைத்தபோது என் நோயைவிட அது என்னை அதிகம் கலங்கவைத்தது. உடனே பள்ளிக்குச் செய்தி அனுப்பி, கர்ப்பிணியாக இருந்த சக ஆசிரியை ஒருவரை எதிர்ப்பணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். பழைய தொற்றின் அடையாளமான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பணு ஏற்கெனவே இருந்தால் கவலை வேண்டாம். இல்லாமல் புதிய தொற்று தெரிந்தால் தொடர்ச்சியான ஸ்கேன் மூலம் கண்காணித்து, தேவைப்பட்டால் கருப்பைக்குள்ளேயே கருவுக்கு ரத்தம் ஏற்ற வழி இருக்கிறது. 2024-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பி19 தொற்று வழக்கத்தைவிடப் பெருகியபோது சுகாதார அமைப்புகள் வெளியிட்ட எச்சரிக்கைகளில் கர்ப்பிணிகளே முதன்மையாகக் குறிப்பிடப்பட்டார்கள்.

ரத்தம் சில வாரங்களில் தேறியது. இதயம் அப்படி இல்லை. மருந்துகளின் அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை, அவை ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக அமைபவை. பீட்டா பிளாக்கர், ஏ.சி.இ. தடுப்பான் அல்லது அதற்கு மாற்றானது, ஸ்பைரோனோலாக்டோன், எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான் ஆகிய நான்கும் இப்போது இதயச் செயலிழப்புச் சிகிச்சையின் அடித்தளம். தொடக்கத்தில் பீட்டா பிளாக்கர் களைப்பை இன்னும் கூட்டுவதாகத் தோன்றும். அது தணியும்வரை பொறுத்திருந்து மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும். நாமாகவே நிறுத்துவது ஆபத்து. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் இந்த மருந்துகளில் சில கருவுக்குத் தீங்கானவை என்பதை அறிந்து, கர்ப்பத்தைத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் எனக்கு மறுக்கப்பட்டன. அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இதயச் செயலிழப்பை மோசமாக்கும். பாராசிட்டமால் மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

வீட்டில் நான் கடைப்பிடித்தவற்றில் மிகப் பயனுள்ளது எடை பார்ப்பது. காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்பதற்கு முன், ஒரே வகை உடையில் எடையைக் குறித்துவைப்பேன். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பல்ல, தேங்கிய நீர். கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் முன்பே எடை அதைக் காட்டிவிடும். அப்படி ஏறிய ஒரு சமயத்தில் தொலைபேசியில் கேட்டு நீர்ப்பெருக்கி மருந்தின் அளவைக் கூட்டியதால் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை தவிர்ந்தது.

நடைக்கும் வீட்டு வேலைக்கும் அப்பால் கடும் உடற்பயிற்சி கூடாது என்று சொல்லப்பட்டது. அழற்சி தணியாத இதயத் தசையைக் கடுமையாக உழைக்கவைத்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்து திடீர் மரணம் நேரலாம். இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்களுக்கு இதயத் தசை அழற்சி ஒரு முக்கியக் காரணம். ஆகவே 3 முதல் 6 மாதங்கள் வரை போட்டி விளையாட்டையும் கடும் பயிற்சியையும் தவிர்த்து, எக்கோ, நாள் முழுதும் இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர், நடைப் பட்டைப் (ட்ரெட்மில்) பரிசோதனை ஆகியவை இயல்பாக வந்த பின்னரே படிப்படியாகத் திரும்ப வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடப் போகிற இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈ.சி.ஜி. எடுக்காமல் பயிற்சிக்குப் போகக் கூடாது.

அடுத்த எக்கோவில் 41 சதவீதம் என்று வந்தது. பின்னர் 55-ஐத் தொட்டது. குணமாகிவிட்டதே, மாத்திரைகள் இனி எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். இதயத் தசை நலிந்து மீண்டவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. நிறுத்தியவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் இதயம் மீண்டும் நலிவடைந்தது. அதில் பங்கேற்றவர்கள் பல காரணங்களால் இதயம் விரிந்தவர்கள், எல்லோரும் என்னைப்போல் வைரஸ் அழற்சியிலிருந்து தேறியவர்கள் அல்லர் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தழும்பு இன்னும் தெரிவதால் எனக்கு மருந்தைத் தொடர்வதே சரி என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

இதயச் செயலிழப்பு நீடிக்கும்போது அதன் விளைவாகவே ரத்தசோகை வருவதும் உண்டு என்பதை இதயநோய்ப் பிரிவில் காத்திருந்தபோது சந்தித்த மற்ற நோயாளிகளிடமிருந்து தெரிந்துகொண்டேன். அங்கே காரணம் வேறு, மருந்தும் வேறு. நாள்பட்ட அழற்சி குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலோ, 100-க்கும் 300-க்கும் இடையில் இருந்து, ரத்தத்தில் இரும்பைச் சுமந்துசெல்லும் புரதத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் குறைந்திருந்தாலோ அவர்களுக்கு இரும்பை நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். மாத்திரை வடிவில் தந்த இரும்பு 2017-ல் வெளியான ஆய்வில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் வகை ஊசியும் 2013-ல் வெளியான பெரிய ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நன்மை தராததோடு, ரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டியது. ரத்தசோகை என்ற ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடுகள் இருக்கும்போது, ஒருவருக்கு எழுதித் தந்த சீட்டை இன்னொருவர் பயன்படுத்துவதைப் போன்ற அபாயம் வேறில்லை.

ஸ்பீரோசைட்டோசிஸ் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு 50 சதவீத வாய்ப்புடன் வருவது என்பதால் என் தம்பியும் என் மகளும் பரிசோதனை செய்துகொண்டார்கள். தம்பிக்கு இல்லை, மகளுக்கு இருக்கிறது. அவளுக்கு இதுவரை பி19 தொற்று வந்ததில்லை என்பதையும் எதிர்ப்பணுப் பரிசோதனை காட்டியது. புதிய சிவப்பணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலத்தை அவள் எடுத்துக்கொள்கிறாள். ஆரோக்கியமாக இருக்கும்போது அவளுடைய ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், பிலிரூபின் எண்களை ஒரு தாளில் எழுதி அவளிடமே தந்திருக்கிறோம். காய்ச்சலுக்குப் பிறகு அவள் வெளிறினாலோ கண்ணின் மஞ்சள் மறைந்தாலோ அதே நாளில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும், மூச்சிரைப்பு சேர்ந்திருந்தால் ரத்தம் ஏற்றும் முன் எக்கோவும் எடுக்க வேண்டும் என்று அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் மருத்துவர் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.